வயிற்றுக்கும் ஒரு கால அட்டவணை



பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் கால அட்டவணை என்று ஒன்று இருக்கும். வயிற்றுக்கும் அப்படி ஓர் அட்டவணை வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. குறிப்பாக, மிகையான உடல் எடையைக் குறைப்பதற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இளைஞர்கள், படிப்புக்கும் பயணத்துக்கும் இடையே புரதத்தைக் குறைவின்றிப் பெறுவது எப்படி என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். “நமக்கு இதில் என்ன?” என்று மற்றவர்கள் வானொலியை நிறுத்திவிட வேண்டா. உங்களுக்கு அடுத்த இருக்கையில் அமர்பவருக்கே இந்தச் செய்தி தேவைப்படலாம்.

நான் மருத்துவன் அல்லன். பாடம் சொல்லிக் கொடுத்தவன். மருத்துவர்களும் உணவியல் வல்லுநர்களும் கூறுவதை மாணவர்களுக்கு விளங்குமாறு எடுத்துரைப்பது ஒன்றே என் வேலை.

இவ்வறுவைச் சிகிச்சையில் பெரிதும் வழங்கும் ஒரு முறையில், இரைப்பையின் முக்கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ அகற்றப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு சிறு குழாய். ஒரு தட்டுச் சோறு உண்டவர் இனிச் சில கரண்டிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எடை குறைகிறது. ஆனால் வளரும் உடலின் தேவை குறைகிறதா? இல்லை. தசையும் குருதியும் முடியும் நகமும் புரதத்தால் ஆனவை. உணவில் புரதம் போதவில்லையானால் உடல் தன் தசையையே கரைத்துச் செலவிடத் தொடங்கும். சோர்வு வரும்; முடி உதிரும்; மாடிப்படி ஏறினால் கால் தளரும்.

எவ்வளவு புரதம் வேண்டும்? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவின்படி, 16 முதல் 18 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 கிராம். பெண்பிள்ளைகளுக்கு 46 கிராம். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நாள்தோறும் 60 கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்று மருத்துவர்கள் பொதுவாகக் கூறுகின்றனர். அவரவர்க்குரிய அளவை அவரவர் மருத்துவரே குறித்துக் கொடுப்பார்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அன்றுமுதல் இப்பகுதி மாணவர்களின் காலைச் சாப்பாட்டை நிர்ணயிப்பது அந்த ரயில்தான்! கூடுவாஞ்சேரியிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் புறப்படும் பிள்ளை, அரை இட்லியை வாயில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு ஓடுகிறது. பகலில் கல்லூரி, மாலையில் தனிப்பயிற்சி. வீடு திரும்பும்போது இரவு எட்டு மணி. மற்றவர்கள் விட்டதை இரவில் ஒரு பிடி பிடித்து ஈடுசெய்துவிடலாம். சிறு இரைப்பை உடையவருக்கு அது இயலாது. தவறவிட்ட வேளை தவறியதுதான். ஆகவேதான் அவருக்குக் கால அட்டவணை இன்றியமையாதது என்கிறேன்.

ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? விடியற்காலை ஒரு தம்ளர் பால், 6 கிராம். காலையில் ஒரு முட்டை, 6 கிராம். இடைவேளையில் ஒரு கைப்பிடிப் பொட்டுக்கடலை. மென்றும் தின்னலாம், மாவாக்கி மோரில் கலந்தும் பருகலாம். அதில் 6 கிராம். நண்பகலில் இரண்டு சிறு துண்டு மீன், 12 கிராம். மாலையில் ரயிலேறுமுன் சிறு கிண்ணம் சுண்டல், 5 கிராம். பயிற்சி வகுப்புக்குமுன் இன்னொரு முட்டை, 6 கிராம். இரவில் 50 கிராம் பனீர், 9 கிராம். கூடவே சிறு கிண்ணம் தயிர், 3 கிராம். படுக்குமுன் மீண்டும் ஒரு தம்ளர் பால், 6 கிராம். கூட்டிப் பாருங்கள்: 59 கிராம்! மீனும் முட்டையும் உண்ணாதோர் பனீரையும் சோயாவையும் கூட்டிக்கொள்ளலாம். சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் நீராகாரமும் கூழுமே தரப்படும். கடலையும் சுண்டலும் மருத்துவர் இசைவு தந்த பிறகே. புரதப் பொடியும் அவர் சொன்னால் மட்டுமே.

உண்ணும் முறைக்கு மூன்று விதிகள். முதல் விதி: தட்டில் புரதத்தை முதலில் உண்க, சோறு இடமிருந்தால் பிறகு. இரண்டாவது: நொறுங்கத் தின்றால் நூறு வயது என்னும் பழமொழியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுக. மூன்றாவது: உணவோடு தண்ணீர் குடியாதீர், அரைமணி கழித்துப் பருகுக.

மருத்துவர் தந்த வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. இதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. மேற்கூறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில், இராபர்ட் மெக்காரிசன் என்பவரால், பெரிபெரி நோயை ஆராயும் சிறு கூடமாகத் தொடங்கப்பெற்றது. தவிடு நீங்கத் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தோருக்குத் தயமின் என்னும் வைட்டமின் குறைந்ததால் வந்த நோய் அது. அதே குறைபாடு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் இடைவிடாது வாந்தியெடுப்போருக்கும் வரக்கூடும். வாந்தி நிற்கவில்லையென்றால் தேர்வு முடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி கல்லூரியில் பயில்கிறாள். அவள் என்னிடம் சொன்னது இது: “ஐயா, பசியைத் தாங்குவது எளிது, கேலியைத் தாங்குவதுதான் கடினம். ‘இவ்வளவுதானா சாப்பிடுவாய்?’ என்று தோழியர் சிரித்ததற்கு அஞ்சிப் பாதிப் பரோட்டாவைத் தின்றேன், மாலைவரை வாந்தி.” ஆகையால், மாணவர்களே, நண்பனின் தட்டை எட்டிப் பார்த்து நகையாடாதீர்கள். ஆசிரிய நண்பர்களே, இரு பாடவேளைகளுக்கிடையே ஐந்து நிமிடம் உண்ண இசைவு கேட்கும் பிள்ளைக்கு முகம் சுளிக்காமல் இசைவு தாருங்கள்.

சோறு மட்டும் போதாது என்பதை உணர்ந்த நம் மாநிலம், சத்துணவில் முட்டையைச் சேர்த்தது. அந்த முட்டை பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதன்பின் அந்தப் பொறுப்பு உங்களுடையது. சிகிச்சை செய்துகொண்டவருக்கும், செய்துகொள்ளாதவருக்கும். இன்றிரவே ஒரு தாளை எடுத்து, நாளைய உணவை வேளைவாரியாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் புரதத்தின் அளவைக் குறித்துக் கூட்டுங்கள். கணக்குப் பாடத்தில் இதைவிடப் பயனுள்ள கணக்கு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.