மூச்சு உள்ளே வருவது எப்படி?



மூச்சு விடுவதைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பிறந்த குழந்தைக்கும் தெரிந்த காரியந்தானே! ஆனால் காற்றை மூக்கு உறிஞ்சுகிறதா, நெஞ்சு இழுக்கிறதா, அல்லது உயிர் என்ற ஒன்று உள்ளேயிருந்து இழுத்துக்கொள்ளுகிறதா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்லுவோம். உண்மையில் இம்மூன்றும் இழுப்பதில்லை. வெளிக்காற்றே நெருக்கிக்கொண்டு உள்ளே வருகிறது.

காற்றுக்குக் கனம் உண்டு. 1640-களில் இத்தாலியில் டாரிசெல்லி என்பவர் பாதரசக் குழாயைக் கவிழ்த்து வைத்து இதைக் காட்டினார். கடல் மட்டத்தில் அக்கனம் சுமார் 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும். இனி கொல்லன் துருத்தியை நினைத்துப் பாருங்கள். துருத்தியை விரித்தால் உள்ளே இடம் பெருகி, அங்குள்ள காற்றின் அழுத்தம் குறைகிறது; உடனே வெளிக்காற்று பாய்கிறது. அமுக்கினால் வெளியேறுகிறது.

நமது மார்பும் ஒரு துருத்தியே. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்த ஒரு தசை உண்டு. அதை உதரவிதானம் என்பார்கள். அது சுருங்கிக் கீழே இறங்க, விலா எலும்புகள் மேலெழும்ப, மார்பு விரிகிறது. நுரையீரலுக்குத் தானே விரியும் சக்தி கிடையாது. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதுபோல் மார்புச் சுவரோடு ஒட்டியிருப்பதால் அதுவும் கூடவே விரிகிறது. அப்பொழுது உள்ளழுத்தம் எவ்வளவு குறைகிறது தெரியுமா? சாதாரண மூச்சில் சுமார் 1 மில்லிமீட்டர்தான். 760-ல் ஒன்று! இந்த அற்ப வித்தியாசத்துக்கே அரை லிட்டர் காற்று வந்துவிடுகிறது. தசைகள் தளர்ந்ததும் ரப்பர்போல் நுரையீரல் சுருங்கி அதை வெளியே தள்ளுகிறது. மார்பில் கத்தி பாய்ந்து துளை விழுந்தாலோ, துளை வழியே காற்று புகுந்து அந்த ஒட்டுதல் போய்விடும். மூக்கும் வாயும் திறந்திருந்தும் அப்பக்க நுரையீரல் சுருங்கிக் கிடக்கும்.

நிற்க, அழுத்த வித்தியாசந்தான் மூச்சு என்றால், அந்த வித்தியாசத்தைப் பிறர் உண்டாக்கிக் கொடுக்க முடியாதா? முடியும். இளம்பிள்ளை வாதத்தில் மூச்சுத் தசைகள் செயலற்றவர்களுக்கு 1928-ல் பாஸ்டன் நகரில் ஓர் இரும்புப் பெட்டி செய்தார்கள். தலை மட்டும் வெளியே. பெட்டிக்குள் அழுத்தத்தைக் குறைத்தால் மார்பு விரியும். 1952-ல் கோபன்ஹேகனில் இந்நோய் கடுமையாய்ப் பரவியபோது மருத்துவமனையில் அத்தகைய பெட்டி ஒன்றுதான் இருந்தது. மூச்சு முடங்கிய முதல் 31 பேரில் 27 பேர் மாண்டார்கள். இப்ஸன் என்ற வைத்தியர் முறையையே திருப்பினார். மார்பைச் சுற்றி அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பதில், தொண்டையில் குழாய் வைத்து, ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றைத் தள்ளச் செய்தார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் வாரக்கணக்கில் கையாலேயே அமுக்கினார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது.

நம் ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் மூழ்கியெடுத்த பிள்ளையை என்ன செய்கிறோம்? தோளில் போட்டுச் சுற்றுகிறோம். தண்ணீர் வரட்டுமென்று வயிற்றை அமுக்குகிறோம். இதில் வீணாகும் நிமிஷங்களிலேயே உயிர் போய்விடுகிறது. பிள்ளைக்கு வேண்டியது காற்று. ஒருவர் 108-க்குச் சொல்லட்டும். மற்றவர் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நாம் விடும் மூச்சு கழிவுக் காற்றாயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை; வெளிக்காற்றில் 21 சதவீதமுள்ள பிராணவாயு அதிலும் 16 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது. பிறகும் அசைவில்லையானால் நடுமார்பில் 30 அமுக்கு, 2 ஊதல் என்று உதவி வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். ஊதும்போது மார்பு எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பாவிட்டால் காற்றுப் போகவில்லை. தலையைத் திரும்பவும் சரியாகச் சாய்த்து ஊதுங்கள்.