கிணற்றின் அடியில் கடல்



இந்தப் பேச்சின் அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "வடலூரில் உட்கார்ந்துகொண்டு தீவைப் பற்றி என்னய்யா பேச்சு?" என்று கேட்டார். நியாயம்தான். ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தின் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு நிலத்தடி நீர் புதிய சங்கதி அல்ல. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றை இராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரிக்குப் போய் வயலுக்கும் பாய்கிறது. இப்படி இறைத்துக்கொண்டே போனால் கிழக்கேயிருந்து கடல் உள்ளே வந்துவிடாதா என்ற பயமும் நம் பக்கத்தில் பழையதுதான்.

அதே பயத்தோடு வாழும் தீவுகள் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கின்றன: வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு. ஆறு கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழைதான் நிலத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் கனம்; அதனால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது கணக்கு. கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் வாழும் புங்குடுதீவு அம்மா ஒருவர் எனக்கு இதைப் பாடப்புத்தகம் இல்லாமலே சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது கிணற்றில் வாளியை ஓங்கிப் போட்டால் அடி விழுமாம். மேலாக, கலக்காமல் அள்ள வேண்டும். எந்த வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர், எது உப்புக் கரிக்கும் சவர், எது பங்குனி வரை தாங்கும் என்று ஊருக்கே மனப்பாடம். துலா போய் மோட்டார் வந்ததும் கிணறுகள் சவராகத் தொடங்கின. 1990களின் தொடக்கத்தில் போரால் ஊரே பெயர்ந்தது. குளங்களையும் வரம்புகளையும் பார்க்க ஆளில்லை. ஆகவே எல்லாப் பழியையும் கடலின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

என்றாலும் கடலும் சும்மா இல்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியது. அதில் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். நம் கண்ணெதிரே, தூத்துக்குடி வான்தீவு அரிப்பில் சிறுத்துவிட்டது. அதற்கு அந்தக் காலத்தில் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் காரணம்.

இதே உப்பு பசிபிக்கிலும் ஏறுகிறது. அங்கே துவாலு என்றொரு நாடு. பத்துப் பதினோராயிரம் பேர் இருப்பார்கள். நம் சேம்புக்கு உறவான புலாகா என்ற கிழங்கை, நன்னீர் தட்டும்வரை குழி தோண்டி அதில் நடுவார்கள். எந்த இலையை எப்போது உரமாகப் போடுவது என்பது குடும்ப இரகசியம். பக்கத்து வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள். பெரிய கிழங்கு விளைவித்தவருக்கு ஊரில் மதிப்பு. இப்போது பல குழிகளில் உப்பு ஏறிவிட்டது. இலை மஞ்சளித்துக் கிழங்கு அழுகுகிறது. சோற்றுக்குக் கப்பலில் அரிசி வருகிறது. குழி போனபின் இரகசியத்தை மகனுக்குச் சொல்லி என்ன ஆகும்?

கடல் கரையைத் தாண்டி வரும் என்றுதான் காத்திருக்கிறோம். அது கிணற்றடி வழியாக முன்னமே வந்து, உலைப்பானையைத் தொட்டுவிடுகிறது.

அந்தப் புங்குடுதீவு அம்மா வீட்டில் இப்போது குழாய்த் தண்ணீர். உலை வைக்குமுன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. நான் போயிருந்த அன்றும் அப்படிப் பார்த்தார். "நல்ல தண்ணிதான் தம்பி. ஆரின்ரை கிணத்துத் தண்ணி எண்டுதான் தெரியேல்லை."