அழுக்கு நீர் நடந்து போகும் பூங்கா

இன்று நாம் சீனாவின் தென்மேற்கே, சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டுவுக்குப் போகிறோம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பாண்டா கரடிகளைப் பார்க்கத்தான் அந்த ஊருக்கு வருகிறார்கள். நாம் நேராக ஃபூ ஆற்றங்கரைக்குப் போய்விடுவோம். அங்கே ஏறக்குறைய 6 ஏக்கரில் ஒரு பூங்கா இருக்கிறது. உயரத்திலிருந்து பார்த்தால் ஆற்றோரமாக ஒரு பெரிய மீன் படுத்துக் கிடப்பதுபோலத் தெரியும். உயிர்நீர்ப் பூங்கா என்று அதைச் சொல்லலாம்.

பூங்காவுக்குள் நுழையுமுன் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம். செங்டு பட்டுக்குப் பேர்போன ஊர். நெய்த பட்டை இந்த ஆற்றில் அலசினால் நிறம் துலங்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அதே ஆற்றில் தொழிற்சாலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் கலந்து, 1980களில் கரையில் நிற்கவே முடியாதபடி ஆகிவிட்டது. 1990களில் நகராட்சி பெரிய அளவில் சீரமைப்பில் இறங்கியது. கரையோர நெருக்கடியில் வாழ்ந்த சுமார் 1 லட்சம் பேரை வேறு குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெட்சி டேமன் என்ற அமெரிக்கக் கலைஞர் இங்கே வந்தார். சிற்பம், நிகழ்த்துகலை இரண்டிலும் ஈடுபட்டவர். 1985இல் யூட்டா மாநிலத்தில் வறண்டுபோன ஓர் ஓடையின் படுகையை, 250 அடி நீளத்துக்குக் கையால் செய்த காகிதக்கூழில் அச்செடுத்தார். அதன் பிறகு நீரை விட்டு அவர் கவனம் வேறெங்கும் போகவில்லை. 1995இல் அவர் செங்டுவில் பல கலைஞர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துவந்தார்.

அவர்களில் யின் ஷியூசென் என்ற சீனப் பெண் கலைஞர் செய்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆற்றின் அழுக்குநீரை எடுத்து உறையவைத்தார். அந்தப் பனிக்கட்டிப் பாளங்களைக் கரையில் சுவர்போல அடுக்கினார். வாளியில் நல்ல தண்ணீரும் தூரிகையும் வைத்துவிட்டு, தெருவில் போகிறவர்களை அழைத்து, ஆற்றைக் கழுவச் சொன்னார். வந்தவர்கள் பனிக்கட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். கழுவக் கழுவ அது உருகி ஓடியது. ஆறு கெட்டுப்போனதைப் பற்றி எத்தனை அறிக்கை எழுதினாலும், ஒருவர் தன் கையாலே அதைத் தொட்டுத் தேய்ப்பதற்கு ஈடாகுமா?

அந்த நாட்களின் தொடர்ச்சியாகத்தான் பூங்கா பிறந்தது. டேமனோடு நிலவடிவமைப்பாளர் மார்கி ரடிக்கும், உள்ளூர்ப் பொறியாளர்களும் சிற்பிகளும் சேர்ந்து உழைத்தார்கள். 1998இல் பூங்கா திறக்கப்பட்டது.

இனி உள்ளே நடப்போம். மீனின் தலைப்பக்கத்தில் ஒரு குளம். ஆற்றிலிருந்து மேலேற்றிய தண்ணீர் முதலில் இங்கேதான் வருகிறது. கலங்கலாக வரும் நீரின் வண்டல் மெல்ல அடியில் தங்குகிறது. காற்றுப்படாத அந்த அடிப்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கத் தொடங்குகின்றன. பார்வைக்கு அழகான இடம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை தொடங்குவது இங்கேதான்.

அடுத்தது, காதுக்கு விருந்து. கல்லில் வடித்த சின்னச்சின்ன தொட்டிகள், படிப்படியாக இறங்கும் வரிசை. தண்ணீர் ஒரு தொட்டியில் இடப்பக்கம் சுழன்று, திரும்பி வலப்பக்கம் சுழன்று, எட்டு என்ற எண்ணைப் போட்டபடி அடுத்ததில் விழுகிறது. சளசளவென்று அந்த ஓசை ஒரே தாளத்தில் ஓயாமல் கேட்கும். இவ்வகைத் தொட்டிகளை 1970களில் உருவாக்கியவர் ஜான் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயச் சிற்பி. சுழலும்போதும் விழும்போதும் நீரில் காற்று கலக்கிறது. அதில் உள்ள பிராணவாயு, கழிவைத் தின்னும் வேறு நுண்ணுயிர்களுக்கு உயிர் கொடுக்கிறது. சிற்பம் எது, சுத்திகரிக்கும் கருவி எது என்று இங்கே பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் அந்த ஒரே கல்தான்.

அங்கிருந்து நீர் செடிகளுக்குள் புகுகிறது. மீனின் செதில்கள்போல ஒன்றையொட்டி ஒன்றாகச் சிறு குளங்கள். நாணலும் சம்பும் தாமரையும் அடர்ந்து நிற்கின்றன. நீரில் மிதமிஞ்சிக் கிடக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. வேர்களைச் சுற்றிக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. குளங்களுக்கு இடையே நடைபாதை போகிறது. தண்ணீருக்குப் பக்கத்திலேயே, அது போகிற வேகத்திலேயே நாமும் போகலாம். பிறகு மீன்கள் வாழும் குளங்கள் வருகின்றன. நீர் தேறிவிட்டதா என்று ஊர்மக்களுக்கு அவையே சாட்சி. அதைத் தாண்டினால் குழந்தைகள் கால் நனைத்து விளையாடும் ஓடை. வால்பக்கத்தில் நீர் மறுபடி ஆற்றில் சேர்கிறது.

ஒரு நாளைக்கு இப்படித் தெளிவது சுமார் 200 கன மீட்டர். ஆற்றின் ஓட்டத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். இந்தப் பூங்கா ஃபூ ஆற்றைச் சுத்தம் செய்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆற்றைக் காத்தது கழிவைத் தடுக்கப் பதித்த குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும்தான். அவற்றை நாம் மதிலுக்குப் பின்னால் மறைத்து வைக்கிறோம். இங்கே மதில் இல்லை. நாற்றமெடுக்கும் நீர் மீன் வாழும் நீராவதற்கு எவ்வளவு பொறுமையும் எத்தனை உயிர்களின் உழைப்பும் வேண்டும் என்பதைப் பள்ளிப்பிள்ளைகூட நடந்தே தெரிந்துகொள்ளலாம். பூங்காவை நான் இவ்வளவு மதிப்பது அதற்காகத்தான்.

நீங்கள் போவதானால் ஒன்று நினைவிருக்கட்டும். வால்பக்கம் இருந்து தொடங்காதீர்கள். தலைப்பக்கத்துக் கலங்கல் குளத்தில் தொடங்கி, நீரோடு கூடவே இறங்குங்கள். இன்னொரு நாள் மிச்சமிருந்தால் நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள தூஜியாங்யெனுக்கும் போய்வாருங்கள். கி.மு. 256 வாக்கில் லி பிங் என்ற ஆளுநர் மின் ஆற்றைப் பிரித்துச் செங்டுச் சமவெளிக்குப் பாய்ச்சிய இடம் அது. இன்றைக்கும் வயல்களுக்கு நீர் அங்கிருந்துதான் போகிறது. நாம் நடந்த பூங்காவின் ஓரமாக ஓடும் ஆற்றுக்கும் அதே மின் ஆறுதான் தாய்.