நாவும் உமிழ்நீரும்
(ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)



2022-ஆம் ஆண்டு கோவிட்-19 கண்டு தேறிய என் தாயார், பிரசாதப் பொங்கலை ஒரு வாய் உண்டுவிட்டு, "மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறதே, சாமிக்கு என்மேல் என்ன கோபமோ?" என்று கண்ணீர் விட்டார். வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் சாப்பாட்டைக் குறைத்தார்; சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினார். ஒரு நாள் காலை சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தார். பிழைத்தது ஆண்டவன் அருள்.

அது சாமி கோபமல்ல. இக்கிருமி, ஏசிஇ-2 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உடலின் உயிரணுவுக்குள் நுழைகிறது. அப்புரதம் வாயிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் உண்டு. அங்கும் கிருமி பெருகுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2021-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். எச்சிலில் கிருமி இருப்பதால்தான், அதே ஆண்டு எச்சிலைக் கொண்டு வீட்டிலேயே சோதிக்கும் கருவிகள் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன.

நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. உணவு அதில் கரைந்தால்தான் நாவுக்குச் சுவை தெரியும். அது குறைந்தால் வாய் வறளும். புண், வெண்படலம், சொத்தைப்பல் வரும். மூக்கு மணத்தை இழந்தாலும் உணவு சப்பென்றாகும்.

மலேசியாவில் பெரியவர்களில் 5 பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர் என 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு கண்டது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்ட கரும்பூஞ்சை, மேல்தாடையையும் அண்ணத்தையும் அரித்தது. கட்டுப்படாத சர்க்கரையும், அளவுமீறிய ஸ்டீராய்டு மருந்தும் அதற்கு வழிவிட்டன.

ஆகவே, அன்பர்களே, தண்ணீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி அருந்துங்கள். இருவேளை பல் துலக்குங்கள். பொய்ப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். வெற்றிலையோடு பாக்கு, புகையிலை வேண்டாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். உணவு குறைந்தால், மாத்திரை அளவை உடனே மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெரும்பாலோருக்குச் சுவை சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். என் தாயாருக்கு மூன்று மாதமாயிற்று. இன்று இதே பந்தியில் அமர்ந்து, பொங்கலில் உப்புக் குறைவு என்று குறை சொல்கிறார்!

அன்னதானத்துக்கு வாரி வழங்கும் நன்கொடையாளர்களே, ஆண்டுக்கொரு பல் பரிசோதனை முகாமுக்கும் கைகொடுங்கள். பந்தியில் இலையை ஒதுக்கும் முதியவரைக் கண்டால், "ஏன் பாட்டி, சாப்பாடு இறங்கவில்லையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதை அன்று நான் கேட்கத் தவறிவிட்டேன்.