மருந்துச் சீட்டில் டிடிஎஸ் என்றால் வரி அல்ல



ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் நமக்கு நீளமான வார்த்தைகளைவிட இரண்டு, மூன்று எழுத்துச் சுருக்கங்கள்தான் அதிகம் தொல்லை தருகின்றன. ஒரே சுருக்கம் இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறதே!

பாஸ்புக்கில் டிடிஎஸ் என்றால் வட்டியில் பிடித்த வருமான வரி. மருந்துச் சீட்டில் அதுவே தினமும் மூன்று வேளை. வங்கியில் ஓடி என்றால் ஓவர்டிராஃப்ட். மருந்துச் சீட்டில் தினம் ஒரு வேளை. கண்ணாடிச் சீட்டில் வலது கண்! பிடி என்றால் இரண்டு வேளை. ஹெச்எஸ் என்றால் படுக்கப் போகும்போது.

முக்கியமானது எஸ்ஓஎஸ். ஆபத்து என்று பயப்படாதீர்கள். தேவைப்பட்டால் மட்டும் சாப்பிடுங்கள் என்று பொருள். வலி மாத்திரைக்கு அப்படி எழுதியிருந்தால், வலி இல்லாதபோதும் வேளை தவறாமல் விழுங்கக் கூடாது.

மருந்துச் சீட்டில் வரும் இந்தச் சுருக்கங்கள் லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் ஊகத்தில் பிடிபடாது. எனவே கேட்பதில் வெட்கமே வேண்டாம். மருந்துக் கடையை விட்டு நகரும் முன், "எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? எவ்வளவு இடைவெளி?" என்று கேளுங்கள். பதிலை மாத்திரை உறையின்மேல் தமிழிலேயே எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.