வலவரை ஏவும் பொறி

(குன்னூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வானூர்தி நிலையமே இல்லாத இந்நீலமலையில் வானூர்தி ஓட்டுநரைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். உழைப்பவரின் ஓய்வை வகுப்பவர் யார் என்னும் வினா வானத்துக்கும் தேயிலைச் சரிவுக்கும் ஒன்றே ஆகலின் வந்தேன்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். 'பைலட்' என்று நா கூசாமற் சொல்கிறோம். புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், வலவனின்றியே வானிற் செல்லும் ஊர்தியைப் பாடினார். ஊர்தியைச் செலுத்துவோன் வலவன். இத்துணைப் பழஞ்சொல் நம் கையிலிருக்க இரவல் எதற்கு? வலவனை வேண்டாத ஊர்தியை அப்புலவர் எண்ணிப் பார்த்தார். இன்றோ, வலவனையே ஏவும் பொறி வந்துவிட்டது!

அப்பொறியின் செயலைக் கூறுவேன். அமெரிக்காவின் பெரிய வானூர்தி நிறுவனங்களில் வலவர்கள் திங்கள்தோறும் தம் விருப்பத்தைக் கணிப்பொறியிற் பதிகின்றனர். எந்நாளில் ஓய்வு வேண்டும், எவ்வூர்ப் பறப்பு வேண்டும், இரவுப்பணி வேண்டுமா வேண்டாவா என்றெல்லாம் கேட்கலாம். இதனை விருப்பக் கேட்பு என்போம். ஏலம் என்றால் குன்னூருக்கு விளக்க வேண்டியதில்லை. 1963 முதல் இங்குத் தேயிலை ஏலம் நடக்கிறது. தேயிலை ஏலத்தில் மிகுவிலை கேட்டவர் வெல்வார். வலவர் கேட்பிலோ பணமில்லை, பணிமூப்பே விலை. மூத்தவர் விருப்பம் முதலில் நிறைவேறும், எஞ்சியதே இளையவருக்கு. ஆயிரக்கணக்கான பறப்புத் தொடர்களைத் துருவி ஏற்றவற்றை வரிசைப்படுத்தவும், தம் மூப்புநிலைக்கு எது கிட்டும் என்று முன்கூட்டிக் கணிக்கவும் வலவர்க்குத் துணைசெய்யும் மென்பொருள்களும் உள.

கேட்கும் வழியேனும் அங்குண்டு. நம் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

வலவரின் களைப்பைக் குறைக்க நடுவணரசின் வானூர்தித் தலைமை இயக்ககம் 2024 சனவரியில் புதுநெறிகளை வெளியிட்டது. கிழமை ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் காலம் கடத்தின. தில்லி உயர்முறைமன்றத்தில் வழக்கு நடந்த பின்னரே, 2025 சூலை 1, நவம்பர் 1 என இருகட்டமாக அவை நடைமுறைக்கு வந்தன.

அடுத்த திங்களே இண்டிகோ நிறுவனத்தின் பணிப்பட்டியல் குலைந்தது. திசம்பர் 3 முதல் 5 வரை 2,507 பறப்புகள் நீக்கப்பட்டன. மூன்று இலக்கத்துக்கு மேற்பட்ட பயணியர் நிலையங்களிலே தவித்தனர். ஆட்களையும் ஊர்திகளையும் இடைவெளியின்றி இறுக்கி வகுத்ததும், புதுநெறிக்கு முன்னேற்பாடு செய்யாததும், மென்பொருள் துணையில் இருந்த குறைகளுமே ஏது என்று ஆய்வுக்குழு கண்டது. 2026 சனவரியில் அந்நிறுவனத்துக்கு 22.20 கோடி உரூபா ஒறுப்புத்தொகை இடப்பட்டது. ஆயினும் இடர் நேர்ந்த அன்றே இயக்ககம் செய்தது என்ன? இரவுப்பணி நெறிகள் சிலவற்றை 2026 பிப்பிரவரி 10 வரை அந்நிறுவனத்துக்குத் தளர்த்தியது. திட்டமிடத் தவறியவர் மேலிருப்போர். விட்டுக்கொடுக்கப்பட்டதோ வலவரின் ஓய்வு!

பொறியைப் பழித்துப் பயனில்லை. இட்ட நெறியை அது கணக்கிடும், அவ்வளவே. அதற்குக் களைப்புத் தெரியாது. பொங்கல் நாள் தெரியாது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தை தெரியாது. 2025 சூனில் ஏர் இந்தியாவின் பணிப்பட்டியலிற் பிழைகள் வெளிப்பட்டபோது, இயக்ககம் மென்பொருளை விலக்கச் சொல்லவில்லை. மூன்று அலுவலரைப் பட்டியற் பொறுப்பினின்று விலக்கச் சொன்னது. பொறிக்குப் பின்னே ஆள் இருக்கிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி நம் மலைக்கு வருவோம். உங்களுட் பலர் பெரட்டுக் களத்தில் நின்றவர். அல்லது நின்றவரின் மக்கள். அன்றைய நிரை எது, கொழுந்தா கவ்வாத்தா என்பது அங்கே வகுக்கப்பட்டது. 'பெரட்டு' ஆங்கிலப் 'பரேடு' திரிந்தது. 'கங்காணி'யோ 'கண்காணி' என்னும் நம் சொல். காண்மின்! கட்டளைக் களத்தின் பெயர் ஆங்கிலம். ஏவலாளன் பெயர் தமிழ்! 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏழுநாளில் ஒருநாள் ஓய்வுக்கு வழிசெய்தது. அதனைப் படித்தறிந்து கேட்டவர் பெற்றனர். அறியாதவர் கங்காணியின் வாய்ச்சொல்லையே சட்டமென்று கொண்டனர்.

கங்காணியிடமாவது தமிழில் வழக்காட முடிந்தது. நாளை ஆலையிலும் தோட்டத்திலும் மருத்துவமனையிலும் பணிமுறையைப் பொறி வகுக்குமாயின், ஆங்கிலத் திரையின்முன் நம் உடன்பிறந்தாள் யாதென்று வழக்காடுவாள்?

ஆதலின் தமிழில் மென்பொருள் என்று நாம் கேட்பது வெறும் மொழிப்பற்று அன்று. சோற்றோடும் உறக்கத்தோடும் பிணைந்த உரிமை. பணிப்பட்டியல் தமிழில் வேண்டும். அதனை வகுத்த நெறியும் தமிழில் வெளிப்படையாக வேண்டும். மறுத்துக் கேட்கும் வழியும் தமிழில் வேண்டும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் பணியிடத்துப் பட்டியலை எடுங்கள். அதிலுள்ள அயற்சொல் ஒவ்வொன்றுக்கும் நேராகத் தமிழ்ச்சொல் எழுதுங்கள். பின், உங்கள் ஓய்வுநாள் அதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சொல் விளங்கினால் நெறி விளங்கும். நெறி விளங்கினாலன்றோ உரிமை கேட்க வாய் திறக்கும்!