மூளைக்கு ஒரு டப்பா

மட்டாஞ்சேரியில் நம்மவர் பிள்ளைகள் சிலர் பகலில் பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளில் கணக்கெழுதி, இரவில் பரீட்சைக்குப் படிக்கின்றனர். அவருள் ஓர் இளைஞர் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டுக் கிரியேட்டின் பொடி வாங்கியிருந்தார். அது தசையை மட்டுமன்றி மூளையையும் கூர்மையாக்கும், மரக்கறி உண்போர்க்கு இன்றியமையாதது என்று நண்பர்கள் கூறினராம்.

கிரியேட்டின் புதுப்பொருளன்று. 1832-இல் செவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். அதன் வேலையை உலகுக்கு விளக்கியவருள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகத சுப்பாராவ். ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாருடன் உழைத்து, 1927-இல் பாஸ்போகிரியேட்டினைக் கண்டறிந்தார். அவர் பெயர் நம் வீடுகளில் இன்னும் வழங்காதது வருத்தமே. கடைக்காரர் அவசரத்துக்குச் சில்லறை வைத்திருப்பதுபோல, உடல் இப்பொருளில் ஆற்றலை இருப்பு வைக்கிறது. எடையில் ஐம்பதில் ஒரு பங்கான மூளையோ ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுவது. அதற்கும் பொடி உதவுமோ என்று ஆராய்ந்தது இயல்பே.

2003-இல் சிட்னியில் மரக்கறி உண்ணும் இளைஞர் 45 பேர், நாள்தோறும் 5 கிராம் வீதம் ஆறு வாரம் உண்டு, எண்களைத் தலைகீழாகச் சொல்லும் சோதனையில் முன்னேறினர். பொடியின் புகழ் பெரிதும் அதிலிருந்து வளர்ந்தது. ஆயின் 2023-இல் 123 பேரிடம், பாதிப்பேர் மரக்கறி உண்போராக, அதே அளவில் சோதித்தபோது, பயன் இருப்பின் அது மிகச் சிறிது என்றே தெரிந்தது. மரக்கறி உண்போர்க்குத் தனிப்பயன் காணப்படவில்லை. மூளை தனக்கு வேண்டிய கிரியேட்டினைத் தானும் செய்துகொள்கிறது. குருதியிலிருந்து அதனுள் இப்பொருள் மெல்லவே நுழைகிறது.

2024-இல் ஜெர்மனியில் ஓரிரவு முழுதும் விழித்திருந்த 15 பேர்க்கு ஒரே வேளையில் பெரிய அளவு கொடுத்தபோது சிந்தனை வேகம் சற்றுத் தேறியது. அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு அது 21 கிராம்; நாள்தோறும் கொள்ளும் அளவன்று.

சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இப்பொடியைத் தொடலாகாது. மற்றவரும் குருதிச் சோதனைக்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் கூடுதலாகக் காட்டி வீண் அச்சம் தரலாம்.

இவற்றை அந்த இளைஞரிடம் சொன்னோம். “காசு போயிற்றே!” என்றார். பாதி டப்பா மீதியிருந்தது. பயிற்சி செய்பவராதலால் தோள்வலிமைக்கு உதவும், உண்ணட்டும் என்றோம். பரீட்சைக்கோ, விடியுமட்டும் எரியும் அவர் அறை விளக்கை இரவு பதினொன்றுக்கே அணைக்கச் சொன்னோம்.